டயர் சொன்ன சாட்சி

நம் தோட்டப்புறத்தில் கார் என்றால் ஒரு காலத்தில் துரை பங்களா வாசலில் நிற்கும் கார்தான். பெரிய கிராணியாரிடம் ஒரு பழைய வண்டி இருந்தாலும் இருக்கும். மற்றவர்களுக்குச் சைக்கிள். கையில் கொஞ்சம் காசு புரண்டால் மோட்டார் சைக்கிள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போவதென்றால் லோரியில் ஏறி, பட்டர்வொர்த்தில் ஃபெரி பிடித்து, குடும்பம் குடும்பமாகப் பினாங்குக்குப் போவோம். 1985ஆம் ஆண்டில்தான் இந்த நிலை மாறத் தொடங்கியது. அந்த ஆண்டு புரோட்டோன் சாகா கார் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் பினாங்குப் பாலமும் திறக்கப்பட்டது. தவணை கட்டினால் நமக்கும் கார் உண்டு, அந்தக் காரிலேயே கடலைக் கடக்கலாம் என்று நம்மவர்களுக்கும் ஒரு நம்பிக்கை பிறந்தது.

அப்பன் சாகா கார் வாங்கினான். மகன் அதோடு திருப்தி அடைவானா? அவனுக்கு இரண்டு கதவு, தாழ்ந்த உடம்பு, அகன்ற டயர், அழுத்தினால் சீறுகிற இயந்திரம் வேண்டும். அதாவது ஸ்போர்ட்ஸ் கார். பிள்ளைகளைக் குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துச் சம்பாதிக்கிற பிள்ளை தன் மனதுக்குப் பிடித்த ஒரு பொருளை வாங்க ஆசைப்பட்டால் அது குற்றமாகாது. ஆனால் ஆசை பெரிதாகவும் பை சிறிதாகவும் இருக்கும்போது, நடுவில் ஒரு வழி கண்ணில் படும். அந்த வழிக்குப் பெயர் 'டெமோ கார்'. அந்த வழியில் போகிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை, என் அக்காள் குடும்பத்தில் நடந்ததைக் கொண்டு சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

டெமோ கார் என்பது விற்பனை நிலையத்தார் தங்கள் பெயரிலேயே பதிவு செய்து, வாங்க வருகிறவர்களுக்கு ஓட்டிக் காட்டுவதற்காக வைத்திருக்கும் வண்டி. சில மாதங்களோ ஒரு வருடமோ ஓடிய பிறகு அதை விலை குறைத்து விற்றுவிடுவார்கள். பார்வைக்குப் புதுசு. கிலோமீட்டரும் குறைவு. பராமரிப்பும் அவர்கள் பட்டறையிலேயே நடந்திருக்கும். இவையெல்லாம் நல்ல பக்கம். மறு பக்கமும் உண்டு. பதிவு அட்டையில் நீங்கள் இரண்டாவது உரிமையாளர். உத்தரவாதக் காலம் முதல் பதிவு நாளிலேயே தொடங்கி ஓடிக்கொண்டிருக்கும். வங்கி அதைப் பழைய வண்டியாகக் கணக்கிட்டால் வட்டியும் கூடும். இதையெல்லாம் விட முக்கியமானது, அந்த வண்டியை ஓட்டியவர்கள் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. சொந்த வண்டியை எவனும் பள்ளத்தில் இறக்க மாட்டான். ஓட்டிப் பார்க்கக் கொடுத்த வண்டியை, அதுவும் ஸ்போர்ட்ஸ் காரை, ஓரிருவராவது உதைத்துப் பார்க்காமல் விடுவார்களா?

இனி அக்காள் கதைக்கு வருகிறேன். அக்காள் தென் கெடாவில், சுங்கை பட்டாணி பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பதினான்கு வயதில் பால் வெட்ட இறங்கியவர். அத்தான் காலமான பிறகும் கத்தியைக் கீழே வைக்கவில்லை. ஒரே மகன். அவனைத் தொழில்நுட்பம் படிக்க வைத்தார். அவன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியன் ஆனான். 2008ஆம் ஆண்டு அக்காளுக்கு ஐம்பத்தைந்து வயது நிறைந்து ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்தது. அந்த ஜூன் மாதத்தில்தான் பெட்ரோல் விலை ஒரு லிட்டருக்கு 1 வெள்ளி 92 காசிலிருந்து 2 வெள்ளி 70 காசுக்கு ஏறியது. எண்ணெய் குடிக்கிற வண்டிகளை வாங்க ஆள் குறைந்தார்கள். ஜார்ஜ்டவுனில் ஒரு விற்பனை நிலையத்தில் இரண்டு கதவு டெமோ கார் ஒன்றைப் புதிய விலையைவிட ஒன்பதாயிரம் வெள்ளி குறைத்துக் கொடுப்பதாகச் சொன்னார்கள். வண்டியின் பெயர் இங்கே வேண்டாம். பழுது அந்தப் பெயரில் இல்லை.

முன்பணம் பன்னிரண்டாயிரம் வெள்ளி. அது அக்காளின் சேமநிதியிலிருந்து வர வேண்டும். நாற்பத்தொரு வருடம் விடிவதற்கு முன்னால் எழுந்து, பெரட்டுக்கு நின்று, கொசுக்கடியில் நிரை நிரையாக நடந்து சேர்த்த பணம். "கேட்டது ஒரே பிள்ளை, கொடுக்காமல் என்ன செய்வது?" என்றார் அக்காள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "கொடுக்கிறதுக்கு முன்னாடி நான் வண்டியை ஒரு தடவை பாக்கணும்." ஜார்ஜ்டவுனில் கிராணி வேலை பார்த்துக்கொண்டிருந்த நானும் அவர்களோடு போனேன்.

விற்பனையாளர் மரியாதையான இளைஞர். "ஆண்ட்டி, ஆறாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. புதுசு மாதிரிதான்" என்று மலாயில் சொன்னார். வண்டி கண்ணாடிபோல் மின்னியது. என் மருமகன் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். அக்காள் கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, இடது பின்சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்தார். மரத்தடியில் உட்காரும் அதே உட்கார்வு. வெளியே தெரிகிற பக்கத்தை அவர் பார்க்கவில்லை. சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு, டயரின் உள்பக்கத்தைத் தடவினார்.

மகனுக்குக் கூச்சம். "அம்மா, இது கித்தா மரம் இல்லம்மா. கையை எடுங்க, கறையாயிடும்."

"கறை என் கைக்குப் புதுசா? தம்பி, நீ இங்க வா. இதைத் தொட்டுப் பாரு. ஒரு பக்கமா தடவினா வழுக்குது. திருப்பித் தடவினா கையைக் கீறுது. வெளிப்பக்கம் பூ நிறைய இருக்கு, உள்பக்கம் இல்ல."

மலாய்க்காரர்கள் டயரில் இருக்கும் வரிகளைப் 'பூ' என்றே சொல்வார்கள். நாமும் அப்படியே பழகிவிட்டோம். நான் குனிந்து தொட்டுப் பார்த்தேன். அக்காள் சொன்னது சரி. ஒவ்வொரு வரியின் ஓரமும் வாள் பல்லைப் போல ஒரு திசையில் மட்டும் கூர்மையாக இருந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, கைக்குத்தான் தெரிந்தது.

அக்காளுக்கு இது எப்படித் தெரிந்தது? பால் வெட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரப்பர் மரத்தின் பட்டையைச் சரிவாக, மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும். ஆழம் கூடினால் கத்தி உள்மரத்தைத் தொட்டு மரம் காயப்படும். காயப்பட்ட இடத்தில் மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பின்னொரு காலத்தில் அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. ஆகவே பட்டையைத் தடவினாலே, போன வருடங்களில் அந்த மரத்தை வெட்டியவன் கை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். கத்தியைச் சாய்த்துப் பிடித்தவன் யார், அவசரத்தில் வெட்டியவன் யார், எல்லாவற்றையும் மரம் சொல்லிவிடும். டயரும் அப்படித்தான். அதை ஓட்டியவன் கையையும், அதைத் தாங்கி நிற்கும் இரும்பையும் அது தன் மேலேயே எழுதி வைத்துக்கொள்கிறது.

இந்த எழுத்தைப் படிப்பது அப்படியொன்றும் பெரிய வித்தையல்ல. டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடு மேடாக இருந்தால் காற்று குறைவு. அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் அதிர்ச்சி தாங்கிகள் பலவீனமாகியிருக்கலாம், அல்லது சக்கரம் சமநிலை தவறியிருக்கலாம். ஓரே ஓர் இடம் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தால், சக்கரம் சுற்றாமல் இழுபடும்படி யாரோ பிரேக்கைப் பலமாக மிதித்திருக்கிறார்கள். உள் ஓரமோ வெளி ஓரமோ மட்டும் தேய்ந்து, வரிகளின் விளிம்பு வாள் பல்லாக இருந்தால், சக்கரம் நேராக நிற்கவில்லை என்று பொருள்.

சக்கரம் கொஞ்சம் கோணினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டயர் தான் போகும் திசையிலிருந்து ஒரே ஒரு பாகை திரும்பி நின்றாலும், வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் அந்த டயர் சுமார் 17 மீட்டர் தூரம் பக்கவாட்டில் இழுபடுகிறது. அரைப் பாகை என்றால் ஏறக்குறைய 9 மீட்டர். ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடினால், அரைப் பாகைக் கோணலுக்கே நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ரப்பரைத் தரையில் தேய்த்த கணக்கு வருகிறது. தேங்காயைத் துருவுகிற மாதிரி சாலை டயரைத் துருவிவிடும். கண்ணுக்குத் தெரியாத கோணல் கையிலிருக்கும் காசைக் கரைப்பது இப்படித்தான்.

கதைக்குத் திரும்புவோம். நான் எண்களோடு பிழைத்தவன். டயரின் பக்கவாட்டில் நீளமான ஒரு குறியீடு இருந்தது. அதன் கடைசி நான்கு எண்கள் மூன்று டயர்களில் 1207. அக்காள் தொட்ட இடது பின்டயரில் மட்டும் 0508. "இது என்னப்பா எண்?" என்று மருமகனைக் கேட்டேன். அவனுக்குத் தெரிந்திருந்தது. "டயர் செஞ்ச தேதி மாமா. முதல் ரெண்டு எண் வாரம், அடுத்த ரெண்டு எண் வருஷம். 1207ன்னா 2007ஆம் வருஷம் பன்னிரண்டாவது வாரம். 0508ன்னா 2008, அஞ்சாவது..." சொல்லிக்கொண்டு வரும்போதே அவன் குரல் இறங்கியது. ஆறாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத காருக்கு ஏன் ஒரு டயர் மட்டும் மாற்றப்பட்டது? மாற்றிய புது டயர் ஏன் மற்றதைவிட மோசமாகத் தேய்ந்திருக்கிறது? அவன் வலது பின்டயரையும் போய்த் தடவிப் பார்த்தான். அங்கேயும் அதே கீறல், கொஞ்சம் இலேசாக.

வண்டியை ஓட்டிப் பார்த்தோம். தஞ்சோங் பூங்காவைத் தாண்டிப் பத்து பெரிங்கிக்குப் போகிற அந்த வளைவுச் சாலைதான் ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிப் பார்க்க எல்லாரும் போகிற சாலை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கடல். இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நேர்ச்சாலையில் வண்டி நேராகப் போகும்போது ஸ்டீயரிங் மட்டும் கொஞ்சம் கோணி நின்றது. முன்சக்கரங்களில்தான் கோளாறு என்று அப்போது யாரும் நினைப்பார்கள். பின்சக்கரம் கோணினாலும் இப்படி நடக்கும். பின்பக்கம் வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளும். அதைச் சமாளிக்க ஓட்டுபவர் தம்மையறியாமல் ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பிடித்துக்கொண்டே இருப்பார்.

திரும்பி வந்து மேலாளரிடம் சொன்னோம். "ஸ்போர்ட்ஸ் கார் டயர் இப்படித்தான் தேயும்" என்றார். அதில் ஓரளவு உண்மை உண்டு. வளைவில் பிடிமானம் கிடைப்பதற்காக, இத்தகைய கார்களின் சக்கரங்களை மேல்பக்கம் சற்று உள்ளே சாய்த்து வைப்பார்கள். அதனால் உள் ஓரம் கொஞ்சம் முன்னதாகத் தேயும். டயரின் ரப்பரும் மென்மையானது, ஆகவே வேகமாகவும் தேயும். தயாரிப்பாளர்களே இந்த விஷயத்தில் இடறியதும் உண்டு. நிசான் நிறுவனத்தின் 350இசட் என்ற ஸ்போர்ட்ஸ் கார் 2003 மாடலாக அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது, முன்டயர்கள் சில ஆயிரம் மைல்களிலேயே இறகுபோல் தேய்ந்து இரைச்சல் போடுவதாகப் பல உரிமையாளர்கள் புகார் செய்தார்கள். நிறுவனம் முன்சக்கரக் கோண அளவைத் திருத்தி விற்பனை நிலையங்களுக்கு அறிவிப்பு அனுப்பியது. பலருக்கு டயரையும் மாற்றிக் கொடுத்தது. உரிமையாளர்கள் தேய்வைக் கவனித்து, வாய் திறந்து கேட்டதால்தான் அது நடந்தது.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வண்டியின் அமைப்பே காரணம் என்றால் இடதும் வலதும் ஒரே மாதிரி தேய வேண்டும். எங்கள் முன்னால் நின்ற வண்டியில் இடது வேறு, வலது வேறு. நாம் இடது பக்கமாக ஓட்டுகிற நாட்டில் இருக்கிறோம். சாலையோரக் கல் கட்டில் இடிப்பதென்றால் இடது சக்கரம்தான் இடிக்கும்.

மேலாளர் வாதம் செய்யவில்லை. "சரி, பின்பக்கம் இரண்டு டயரும் புதுசாகப் போட்டுத் தருகிறேன். இலவசம்" என்றார். மருமகன் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் அது நல்ல பேச்சாகவே பட்டது. அக்காள் மட்டும் அசையவில்லை.

"புது டயர் போட்டா தேஞ்சது மறைஞ்சிடும். தேய்ச்சது எங்க போகும்?" என்றார்.

நான் அதை மலாயில் சொன்னேன். மேலாளர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, வெளியே எங்கே வேண்டுமானாலும் காட்டிக்கொள்ளுங்கள் என்று விற்பனையாளரையும் கூட அனுப்பினார். ஜெலுத்தோங்கில் ஒரு வயதான சீனத் தவுக்கேயின் டயர்க் கடைக்குப் போனோம். அவர் வண்டியை மேடையில் ஏற்றி, நான்கு சக்கரங்களிலும் கருவியை மாட்டினார். கணினியில் அளவுகள் வந்தன. முன்சக்கரங்கள் பச்சை. வலது பின்சக்கரமும் பச்சை. இடது பின்சக்கரம் சிவப்பு. தவுக்கே விளக்கைப் பிடித்துக்கொண்டு அடியில் போய்ப் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கை ஒன்று வளைந்திருந்தது. நூல் பிடித்துப் பார்த்தால்தான் தெரிகிற வளைவு. சக்கர வளையத்தின் உள் விளிம்பிலும் ஒரு நசுங்கல்.

"இதைத் திருகித் திருகிச் சரி செய்ய முடியாது. கையையே மாற்ற வேண்டும். மாற்றாமல் புது டயர் போட்டால், அதுவும் இப்படியே போகும். மழையில் வளைவில் திரும்பும்போது பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாலும் போகும்" என்றார் தவுக்கே. அளவுகள் அச்சான தாளை மருமகனிடம் கொடுத்தார். அவன் அதை வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றான். பாயான் லெப்பாஸில் இரவு வேலை முடிந்து, விடியற்காலை மழையில் பாலத்தைக் கடந்து தாயைப் பார்க்க வருகிறவன் அவன். என் மனதில் ஓடியதுதான் அவன் மனதிலும் ஓடியிருக்க வேண்டும். பன்னிரண்டாயிரம் வெள்ளியைப் பற்றி அப்போது யாரும் நினைக்கவில்லை.

தாளோடு விற்பனை நிலையத்துக்குப் போனோம். அப்போதுதான் விவரம் வெளியே வந்தது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில், ஓட்டிப் பார்க்க வந்த ஒருவர் வளைவில் கட்டின் மேல் ஏற்றிவிட்டாராம். டயர் வெடித்துவிட்டது. டயரை மாற்றி, முன்சக்கரங்களை மட்டும் சரிபார்த்து வைத்திருக்கிறார்கள். நாங்கள் மூன்று காரியங்களைக் கேட்டோம். வளைந்த கையையும் நசுங்கிய சக்கரத்தையும் மாற்ற வேண்டும். பின்டயர் இரண்டும் புதிதாகப் போட்டு, நான்கு சக்கரங்களையும் அளந்து, அந்த அளவுத் தாளைத் தர வேண்டும். வண்டி இடிபட்டதையும் பழுது பார்த்ததையும் நிலையத்தின் தாளில் எழுதி முத்திரை குத்தித் தர வேண்டும். இதற்கு மேல் விலையிலும் ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி குறைத்தார்கள். பத்து நாள் கழித்து அதே டயர்க் கடையில் வண்டியை மறுபடியும் அளந்து பார்த்தோம். நான்கும் பச்சை. அதன் பிறகுதான் அக்காள் சேமநிதிப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். வண்டி ஒன்பது வருடம் உழைத்தது. டயர்கள் ஒரே சீராகத் தேய்ந்தன.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம்மில் பலர் கடைக்குள் நுழைந்தால் வாயைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம். ஏர்கோன் அறை, கழுத்துப்பட்டை கட்டிய ஆள், ஆங்கிலத்தில் அச்சடித்த தாள் இவற்றைக் கண்டதும், 'படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்' என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். டயர் எந்தப் பொருளால் ஆனது? இன்று கார் டயரில் செயற்கை ரப்பரும் கரித்தூளும் கலந்திருக்கின்றன. ஆனாலும் இயற்கை ரப்பர் இல்லாமல் நல்ல டயர் இல்லை. பாரம் சுமக்கும் லோரி டயரிலும், ஆகாய விமானத்தின் டயரிலும் அதன் பங்கு இன்னும் அதிகம். 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து முந்திக்கொள்ளும் வரை, நீண்ட காலம் உலகிலேயே மிக அதிகமாக இயற்கை ரப்பர் தந்த நாடு நம் நாடு. அந்தப் பாலை மரத்திலிருந்து இறக்கிய கைகளில் நம்மவர் கைகள் எத்தனை ஆயிரம்! அந்தக் கைகளுக்கு டயரைத் தொட்டுப் பார்க்க உரிமை இல்லை என்று யார் சொல்வது?

ஆகவே வாசகர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை டெமோ காரோ பழைய காரோ வாங்கப் போனால், கீழ்க்கண்டவற்றை மறவாமல் செய்யச் சொல்லுங்கள்.

நான்கு டயர்களையும் வெளியிலும் உள்ளேயும் தடவிப் பாருங்கள். நான்கின் தேதி எண்களையும் எழுதிக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். குறைந்த தூரம் ஓடிய வண்டியில் ஒரு டயர் மட்டும் வேறு தேதி காட்டினால் காரணம் கேளுங்கள். நான்கும் புத்தம் புதிதாக இருந்தாலும் காரணம் கேளுங்கள். வரிகளுக்கு இடையே சிறு மேடுகள் இருக்கும். அவை 1.6 மில்லிமீட்டர் உயரம். பூ தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் சமமாகியிருந்தாலும் அது போத்தாக் டயர்தான்.

நேரான சாலையில் ஓட்டி, ஸ்டீயரிங் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். பணம் கொடுக்கும் முன் வெளிக்கடையில் நான்கு சக்கரங்களையும் அளந்து தாளை வாங்குங்கள். முன்சக்கரம் மட்டும் போதும் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உரிமை மாற்றத்துக்கான வாகனச் சோதனையில் தேறிவிட்டதே என்று மட்டும் திருப்தி அடையாதீர்கள். அந்தச் சோதனை வண்டி சாலையில் ஓடத் தகுதியா என்று சொல்லும், நீங்கள் கொடுக்கும் விலைக்குத் தகுதியா என்று சொல்லாது. உத்தரவாதத்தில் எத்தனை மாதம் மிச்சம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். டயர்த் தேய்வு பெரும்பாலும் உத்தரவாதத்தில் சேராது என்பதையும் நினைவில் வையுங்கள். வாய்ப் பேச்சு காற்றோடு போகும். தாளில் இருப்பதுதான் நிற்கும்.

வாங்கிய பிறகு ஏமாற்றம் தெரிந்தாலும் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டாம். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் என்பதில் வாகனமும் அடங்கும். அந்தச் சட்டத்தின்கீழ் இயங்கும் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைக் கொண்டு போகலாம். மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால், அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்த வேலையைச் செய்துவரும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடம் ஆலோசனை கேட்கலாம். அங்கே தமிழிலும் பேசலாம்.

தேய்வைக் கண்டதும் நல்ல வண்டியை விட்டு ஓடிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தேய்வுக்குக் காரணம் தெரிந்தால் அதற்கு ஒரு விலை உண்டு, அந்த விலையைப் பேசி முடிக்கலாம். காரணம் தெரியாத தேய்வுக்கு விலை கிடையாது. அதை வாங்காமல் இருப்பதே நல்லது.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கார் வாங்கப் போகும்போது நண்பர்களை அழைத்துப் போகிறீர்கள். நல்லதுதான், அவர்களுக்கு இயந்திரம் தெரியும். ஆனால் அவர்களுக்கும் உங்களைப் போல அந்த வண்டியின் மேல் ஆசை இருக்கும். முன்பணம் போடுகிற அம்மாவையோ அப்பாவையோ கூட அழைத்துப் போங்கள். அவர்களுக்குக் குதிரைத்திறன் கணக்கு தெரியாமல் இருக்கலாம். நல்ல பட்டை எது, காயப்பட்ட பட்டை எது என்று தெரியும். அது போதும்.